பக்கத்து மேசை

கணினி விளையாட்டு தயாரிக்கும் தொழிலை எந்த ஊரிலிருந்தும் செய்யலாம் என்று சொல்கிறவர்கள், அதைக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்துகொண்டுதான் சொல்கிறார்கள். அதை நம்பிச் சொந்த ஊரில் கம்பெனிப் பலகை மாட்டியவர்களே, இது உங்களுக்குத்தான்.

பெரட்டு

மாசாய் என்ற சின்ன ஊரில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம். நான் நிரல் எழுதுவேன். லோகேஸ்வரி உருவங்களை வரைந்து அசைய வைப்பாள். மொத்தமே இரண்டு பேர். லோகா போனால் கம்பெனி இல்லை.

பெரிய கம்பெனிகளில் காலையில் எல்லாரும் நின்றபடி அன்றைய வேலையைப் பேசுவார்களாம். நாங்களும் நின்றோம். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டின் பேரையே லோகா இதற்கும் வைத்தாள். சரியென்று நானும் பேர் கூப்பிட்டேன்.

"இருக்கேன் அங்கிள். பின்னால திரும்பிப் பார்த்துட்டேன், வேற யாரும் வரல."

பலகையின் பலன்

கீழே பட்டறைக்கு வந்த ஒருவர் எங்கள் பலகையைப் பார்த்து மேலே ஏறிவந்து, பொத்தான் உடைந்த விளையாட்டுக் கைப்பிடி ஒன்றை மேசைமேல் வைத்தார். நாங்கள் விளையாட்டை உருவாக்குகிறவர்கள், பழுது பார்க்கத் தெரியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"பட்டன் மாத்தத் தெரியாதவங்க கேம் செய்றீங்களா? அலமாக், அட கடவுளே."

பத்து நாள்

எங்கள் கதாநாயகன் பாலத்தில் கால் வைத்ததும் பாலத்துக்குள்ளேயே விழுந்தான். பத்து நாள் விழுந்தான். என் மூளைக்கு வயதாகிவிட்டதோ என்று பயந்தேன். லோகா கோலாலம்பூரில் இருந்த தோழியிடம் கேட்டாள். தோழி மதியச் சாப்பாட்டில் பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒருவரிடம் கேட்டிருக்கிறாள். சாப்பாடு முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"அவங்க பக்கத்து மேசையில கேட்டாங்க அங்கிள். நமக்குத்தான் பக்கத்து மேசையே இல்ல."

அம்மா வந்தார்

சிம்பாங் ரெங்கத்திலிருந்து மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க லோகாவின் அம்மா வந்தார். சன்னல் வழியாகத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முடிதிருத்தும் கடை, டியூஷன் வகுப்பு, பல் மருத்துவர். இந்தத் தொழில் ஏன் சில ஊர்களில் மட்டும் கூடுகிறது என்று எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

"இத மூடிட்டா புள்ள அடுத்து எந்தக் கம்பெனிக்குப் போவும்? கீழ மோட்டார் கடைக்கா?"

கடைசிப் பெரட்டு

கோலாலம்பூரிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்ததும் லோகா மறைக்காமல் சொன்னாள். நான் வேண்டாமென்றால் போகமாட்டாளாம். பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அவளுக்காக யோசித்தேனா, எனக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை. போ என்றேன். அவள் கிளம்பிய நாள் காலையும் பேர் கூப்பிட்டேன், "இருக்கேன்" என்றாள்.

ஒரு மாதம் கழித்து அழைத்தாள். அந்த மாடியிலேயே இன்னும் இரண்டு விளையாட்டுக் கம்பெனிகள் இருக்கின்றனவாம். சந்தேகம் வந்தால் எழுந்து நடந்தால் போதுமாம். நன்றாக இருக்கிறாள். போனை வைப்பதற்கு முன் சொன்னாள்:

"இங்க பெரட்டுக்கு நாப்பது பேர் நிக்கிறாங்க அங்கிள். யாரும் பேர் கூப்பிட மாட்டேங்கிறாங்க லா."

இப்போது என் பெரட்டுக்கு வருகிறவன் ஒருவன்தான், பேர் கூப்பிடுகிறவனும் அவனே. எவ்வளவு தாமதமாக வந்தாலும் அவனை வேலையை விட்டு நிறுத்த முடியவில்லை.