மகாலட்சுமி டேப் வைத்து அளப்பதில்லை

உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை உருப்படியான தையல் மூன்றுதான் நடந்திருக்கிறது. செஞ்சியில் ராஜாகோட்டை, ராணிக்கோட்டை, சந்திரகிரி என்று ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு நின்ற மூன்று மலைகளை மதில் வைத்துச் சேர்த்தது முதல் தையல். திண்டிவனம் ரோடு, திருவண்ணாமலை ரோடு, விழுப்புரம் ரோடு எல்லாவற்றையும் இழுத்துக் கூட்டுரோட்டில் முடிச்சுப் போட்டது இரண்டாவது. மூன்றாவது, சிறுகடம்பூர் மகாலட்சுமி தைத்த ஜாக்கெட். முதல் இரண்டிலும் அங்கங்கே பிசிறு தெரியும். கோட்டை மதிலில் ஆடு நுழைகிற ஓட்டையே இருக்கிறது. மகாலட்சுமியின் ஜாக்கெட்டில் கொசுகூட நுழையாது. நுழைய வேண்டியவர் மட்டும் மூச்சைப் பிடிக்காமல் நுழையலாம்.

இவ்வளவு பெரிய கைக்காரியை யாராவது டெய்லர் என்று சொல்லிவிட்டால் அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். அவள் டெய்லர் இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். பகலில் ஊசி குத்துவது பிழைப்பு, சாயங்காலம் ஊசி குத்துவது ஆசை. தனக்கும் தன் சிநேகிதிகள் நாலைந்து பேருக்கும் மட்டும்தான் தைப்பாள். கூலி வாங்கமாட்டாள். வெளியாள் யாராவது துணியைத் தூக்கிக்கொண்டு வந்தால், மிஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். உள்ளே மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன நாளும் உண்டு.

கற்றுக்கொண்டது யூடியூபில். புதிதாக ஒரு கழுத்து, புதிதாக ஒரு கை என்று எதைப் பார்த்தாலும் முதலில் தனக்குத் தைத்துப் பார்ப்பாள். சரியாக வந்தால் அடுத்தது சிநேகிதிக்கு. சரியாக வராதது அவளுக்கே. அதனால் ஊரில் நன்றாக உடுத்துகிறவர்கள் எல்லாம் அவளுடைய சிநேகிதிகள், வீட்டில் ஒரு கை முழங்கைக்கு மேலேயும் இன்னொரு கை முழங்கைக்குக் கீழேயும் இருக்கிற நைட்டியில் நிற்கிறவள் அவள். புருஷன் விநாயகத்துக்கு மட்டும் அவள் எதுவும் தைத்ததில்லை. கேட்டால், அவர் ரெடிமேடாகவே வந்தவர் என்பாள். விநாயகம் செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவே மினி பஸ் ஓட்டுகிறவர். இதைக் கேட்டால் வண்டி ஓட்டுகிற மாதிரியே நேராகப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த வீட்டில் அடிக்கடி தென்படுகிற இன்னொருத்தியையும் சொல்லிவிட வேண்டும். மகாலட்சுமியின் அண்ணன் மகள் வெண்மதி. வயது பதினேழு. குடியிருப்பது பக்கத்து வீடு, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இந்த வீடு. பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடமும் அவளும் கலந்து பேசி, ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். அடக்கமான பெண். இந்தக் கதையில் அவளுக்குப் பெரிதாக வேலை ஒன்றும் இல்லை.

தைக்க ஆரம்பித்த புதிதில் மகாலட்சுமியும் எல்லாரையும்போல டேப் வைத்துத்தான் அளந்தாள். கூட வேலை பார்க்கிற கலைவாணிக்கு லேபிலேயே நிற்க வைத்து அளவெடுத்தாள். சுகர் எவ்வளவு என்பதைக்கூட நோயாளியின் காதோடு சொல்கிறவள், அன்றைக்கு என்ன ஞாபகத்திலோ, நாற்பத்தொண்ணரை என்று பெஞ்சில் காத்திருந்த ஆறு பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். அதில் ஒரு பெரியவர், நாற்பத்தொண்ணரை நார்மல்தானே என்று ஆறுதல் வேறு சொன்னார். கலைவாணி ஒரு மாசம் பேசவில்லை.

அன்றோடு டேப் பீரோவுக்குள் போனது. இனிமேல் அளவு ஜாக்கெட் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். அளவு ஜாக்கெட் என்பது, உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, இதைப் பார்த்துத் தை என்று சொல்வது. சுலபமான ஏற்பாடு. ஆனால் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யாரும் இப்போது போடுகிற ஜாக்கெட்டைக் கொடுக்கவில்லை. ஒருத்தி கல்யாணத்துக்கு முன்னால் தைத்ததைக் கொடுத்தாள். இன்னொருத்தி காலேஜில் படித்தபோது தைத்ததைக் கொடுத்தாள். அதை அவள் மகளுக்குப் போட்டால்கூட இறுக்கும்.

மகாலட்சுமி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடுத்த ஜாக்கெட்டை மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்வாள். சிநேகிதி கிளம்பும்போது வாசலில் ஆசையாக ஒரு தரம் கட்டிப்பிடிப்பாள். அவ்வளவுதான், அளவு எடுத்தாயிற்று. கை எங்கே போய் எங்கே முட்டுகிறது, தோள் எவ்வளவு அகலம், இடுப்பில் இந்த வருஷம் புதிதாக என்ன வந்திருக்கிறது, எல்லாம் அந்தக் கட்டிப்பிடியில் தெரிந்துவிடும். ராத்திரிக்குள் துணியை வெட்டிவிடுவாள். நாலு நாள் கழித்து சிநேகிதி போட்டுப் பார்ப்பாள், கச்சிதமாக இருக்கும். பார்த்தியா, காலேஜ் படிச்சப்ப இருந்த அதே அளவு என்பாள். அதே அளவுதான் என்று மகாலட்சுமியும் சொல்லுவாள். இப்படி ஒரு பொய்யை வருஷக்கணக்கில் இரட்டைத் தையல் போட்டுக் காப்பாற்றி வந்தவள் அவள்.

அந்தச் சிநேகிதிகளில் ஒருத்திதான் ஜோசப்பின். அனந்தபுரத்தில் பால்வாடி டீச்சர். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் மகாலட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். மகாலட்சுமி தைத்த முதல் ஜாக்கெட்டை, கழுத்து ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனதையும் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுக்கொண்டு போனவள். மற்ற சிநேகிதிகள் எல்லாம் ஜாக்கெட்டுக்காக வந்தவர்கள். ஜோசப்பினுக்காகத்தான் ஜாக்கெட்டே வந்தது.

போன மாசம் ஜோசப்பினின் தம்பி லாரன்ஸுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு அக்கா என்றால் சும்மாவா. மெரூன் கலரில் பட்டு எடுத்து, ஜாக்கெட் துணியோடு, பதினைந்து வருஷத்துக்கு முந்திய அளவு ஜாக்கெட் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தாள். மகாலட்சுமி வாங்கிக்கொண்டாள், கட்டிப்பிடித்தாள், ஒரு வாரம் உட்கார்ந்து தைத்தாள். கைக்கு பார்டர், முதுகில் நாடா, நாடா நுனியில் முத்து. சனிக்கிழமை முடித்து ஹேங்கரில் மாட்டினாள். ஞாயிறு காலை விநாயகம் முதல் டிரிப்பில் அதை எடுத்துக்கொண்டு போனார்.

இதற்கு நடுவே, சனிக்கிழமை சாயங்காலம், யாருக்கோ பொழுது போகவில்லை. அந்த யாரோ விநாயகத்தின் பழைய பனியனிலிருந்து மூன்று எக்ஸும் ஒரு எல்லும் போட்ட லேபிளைப் பிரித்தெடுத்து, மெரூன் ஜாக்கெட்டின் கழுத்துக்கு உள்பக்கம் அழகாக வைத்துத் தைத்துவிட்டார். கடை ஜாக்கெட் மாதிரி இருக்கட்டும், ஜோசப்பின் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அவர் யார் என்பது தெரியவில்லை.

ஜோசப்பின் பார்சலைப் பிரித்தது நடுக்கூடத்தில், புருஷனுடைய தங்கைகள் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒருத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இன்னொருத்தி, இன்னா அண்ணி, லாரி நம்பரு மாதிரி இருக்குது என்றாள். ஜோசப்பின் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய் லேபிளைப் பிரித்து எறிந்துவிட்டு, ஜாக்கெட்டை அதே கவரில் போட்டு, திங்கட்கிழமை அதே மினி பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரு சீட்டு இல்லை, ஒரு வார்த்தை இல்லை.

மகாலட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை. போன் அடித்தாள், எடுக்கவில்லை. வாட்ஸப்பில் கேட்டாள், நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. அளவு தப்பிவிட்டது என்று நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். தையலைப் பிரித்தாள், அரை இஞ்ச் விட்டாள். மறுநாள் அதையும் பிரித்து அரை இஞ்ச் பிடித்தாள். புதன்கிழமை வாக்கில் துணி, போதும் தாயே என்று சொல்லுகிற நிலைமைக்கு வந்திருந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லை. மறுநாள் இரண்டு தரம் போட்டிருந்தாள். எப்போதும் எதையாவது சொல்லிக் கிண்டல் பண்ணுகிற ஒருத்திகூட அந்த வாரம் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் மகாலட்சுமிக்குத் தன் கையின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. லேபில் கலைவாணியை ஒரே நாளில் இரண்டு தரம் கட்டிப்பிடித்துப் பார்த்தாள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கலைவாணி தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். அன்று சாயங்காலம் டிரிப் முடிந்து வந்த விநாயகத்தை, செருப்புக் கழற்றுவதற்குள் கட்டிப்பிடித்துவிட்டாள். அவருக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"இன்னாமே, என் ரிப்போர்ட்டு ஏதாச்சும் வந்துச்சா?"

ரிப்போர்ட் எல்லாம் இல்லை, சும்மாதான் என்றாள். பதினாறு வருஷத்தில் சும்மா கட்டிப்பிடித்ததே இல்லை என்பதால் அவர் நம்பவில்லை. ராத்திரி சோற்றைக் குறைத்துக்கொண்டார். அவர் தூங்கின பிறகு அவள் கொஞ்ச நேரம் அந்த ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருஷத்துப் பழக்கம், ஒரு தையல் தப்பினதில் போய்விடுமா என்று கேட்டாள். கேட்டது ஜாக்கெட்டைத்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் படுத்து டிவி பார்ப்பதுபோல் இருந்த ஒருத்திக்கும் அது கேட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை அனந்தபுரத்தில் என்ன நடந்தது, யார் போனார்கள், என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இந்தக் கதைக்கு அவசியமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஜோசப்பின் வந்துவிட்டாள். வெயிலில் நடந்து வந்த முகம். உள்ளே வா என்று மகாலட்சுமி சொன்னாள், அவள் வாசற்படியை விட்டு நகரவில்லை. மகாலட்சுமி ஓடிப்போய் ஜாக்கெட்டை எடுத்துவந்து, எங்கே பிடிக்கிறது, தோளிலா, கையிலா, சொல்லு, இப்பவே சரி பண்ணுகிறேன் என்று படபடவென்று பேசினாள். ஜோசப்பின் அதைக் கையில் வாங்கவில்லை.

"டேப்ப எடு மகா. எத்தினின்னு நீயே உன் வாயால சொல்லு."

மகாலட்சுமி பீரோவைத் திரும்பிப் பார்த்தாள். டேப்பை எலி கடித்துவிட்டது என்றாள். பீரோவுக்குள் எலி எப்படி வரும் என்று கேட்டிருக்கலாம், ஜோசப்பின் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"நான் வந்துட்டுப் போறப்ப எல்லாம் நீ கட்டிப்புடிச்சியே, அதெல்லாம் அளவுக்குத்தானாமே. இத்தினி வருஷமா நான் ஒரு லூசு, இவளுக்கு நம்ம மேல எம்மா ஆசன்னு நெனச்சிட்டிருந்தேன்."

மகாலட்சுமி கையிலிருந்த ஜாக்கெட்டைப் பார்த்தாள். அவ்வளவு தரம் பிரித்துத் தைத்ததில் ஊசி போன துளையெல்லாம் வரிசை வரிசையாகத் தெரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"அளவுக்கு ரெண்டு செகண்டு போதும்டி" என்றாள்.

ஜோசப்பினுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் இரண்டு பேரும் வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் கேன் கொண்டுவந்தவன் இறக்கி வைத்துவிட்டு, இவர்கள் விடுவதாகத் தெரியவில்லை என்று காசு வாங்காமலேயே போய்விட்டான். அவ்வளவு நேரம் அளந்தால் செஞ்சிக் கோட்டைக்கே ஜாக்கெட் தைக்கலாம்.

புதன்கிழமை லாரன்ஸின் கல்யாணம். துளை விழுந்த இடங்களையெல்லாம் மறைத்து, மகாலட்சுமி பொன்னிற மணியில் கொடி மாதிரி ஒரு வேலைப்பாடு செய்திருந்தாள். அது யோசித்துச் செய்த டிசைன் என்று நினைத்துக்கொண்டு மூன்று பேர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கண்ணாடிக்கார நாத்தனார், எந்தக் கடையில் தைத்தது அண்ணி என்று கேட்டாள். கடையில் தைக்கவில்லை, என் அளவு இவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று ஜோசப்பின், பந்தியில் சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தவளை இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். சாம்பார் வாளியோடுதான் மகாலட்சுமி போட்டோவில் நிற்கிறாள்.

கதை இங்கே முடிந்துவிட்டது. சுபம் என்று எழுதியதோடு நோட்டை மூடியிருக்கலாம். எழுதினதை ஒரு தரம் படித்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்ததுதான் தப்பு. பின்னால் மகாலட்சுமி வந்து நின்றது தெரியவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாள் என்பதும் தெரியவில்லை. கையை நீட்டி நோட்டைப் பிடுங்கி, முதல் பக்கத்திலிருந்து, லேப் ரிப்போர்ட் பார்க்கிற அதே முகத்தோடு படித்தாள். கொசு நுழையாத இடத்தில் சிரித்தாள். விநாயகம் வந்த இடத்தில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தாள். லேபிள் வந்த இடத்தில் சிரிக்கவில்லை.

"பெரிய மனுஷியப் போயி அவள் இவள்னு எழுதியிருக்கிற."

"கதைன்னா அப்படித்தான் அத்த எழுதுவாங்க."

"எழுதுவாங்க, எழுதுவாங்க. வெள்ளிக்கெழம மட்டும் ஒரே வரியில ஓடிப்போச்சு."

"அது அவசியமில்ல அத்த."

"கல்யாணத்தன்னிக்கு ஜோசு எல்லாத்தையும் சொல்லிட்டா. மாமா பஸ்ஸுல போனா தெரிஞ்சிடும்னு டவுன் பஸ்ஸு ஏறிப் போயிருக்கிற. லேபிளத் தெச்சது நாந்தான், அத்தைக்குக் கட்டிப்புடிச்சாலே அளவு தெரிஞ்சிடும்னு சொல்லி, பால்வாடியில பிள்ளைங்க எல்லாம் பாக்க நீ ஓன்னு அழுதியாமே. அதுல ஒரு மூணு வயசுப் பிள்ள தன் சத்துமாவு உருண்டையப் பிட்டுக் குடுத்துதாம், அழாதக்கான்னு."

வெண்மதி நோட்டைத் திருப்பிக் கேட்டாள். மகாலட்சுமி கொடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் பிரித்து, சுபம் என்று எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, அப்புறம்தான் நீட்டினாள்.

"அதையும் எழுது. உருண்டைய வாங்கித் தின்னதையும் சேத்து எழுது."

எழுதியாயிற்று.