ஆறு அறைகளுக்கு ஒரே கதவு எண்

பாஞ்சாலி கதவைத் திறக்குமுன் சன்னல் வழியாகப் பார்ப்பாள். நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்ததில் வந்த பணத்தில் பிள்ளைப்பாக்கத்தில் ஆறு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். வீட்டு வரி ரசீதும் ரேஷன் கார்டும் இறந்துபோன கணவன் பெயரில். ஊர்க்காரி என்று அவளைச் சொல்லும் ஒரே தாள் வாக்காளர் பட்டியல். ஒரு தேர்தலையும் விட்டதில்லை.

ரேஷன் கார்டுக்காகத் தாலுகா ஆபீஸ் போன மூன்றாம் அறை சுடலைக்கண்ணு, ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள்.

"ஓட்ட இங்க மாத்திக்கிடச் சொன்னாவ அக்கா. கார்டு வேலையா யார் போனாலும் அவங்களே கேக்காவ."

"நாம கேக்காமயா? சர்க்காரா?"

பெயர் ஏறினால் விலாசம் அவனுடையது. அப்புறம் வீடு? அவளுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

அவனுடைய ஓட்டுப் படிவத்தை விசாரிக்க அதிகாரி வந்தபோது அவள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"சுடலைக்கண்ணு இருக்காரா?"

"அப்படி யாரும் இல்ல சார்."

"இதே கதவு எண்ல லிஸ்ட்ல இருக்கற பாஞ்சாலி?"

தன் பெயர் இவனுக்கெதற்கு? "அவங்களும் இல்ல. வூட்ட வுட்டுப் போய்ட்டாங்க. நான் பெருக்க வந்தவ."

அவர் எழுதிக்கொண்டு போனார். சுடலைக்கண்ணுவின் படிவம் 'ஆள் இல்லை' என்று தள்ளுபடியானது.

சில மாதம் கழித்து, கார்டில் கணவன் பெயரை நீக்க அவளே தாலுகா ஆபீஸ் போனாள். அங்கே கார்டு வேலை பார்க்கும் மெர்சி, "ஓட்டு லிஸ்ட்டையும் பாத்துடலாம்மா" என்று தானாகவே தேடினாள். "உங்க பேர எடுத்துட்டாங்களே. குடிபோய்ட்டதா போட்டிருக்கு."

"எவ சொன்னா?" என்று கேட்டு முடிக்கும்போதே பாஞ்சாலிக்கு வாசலும் துடைப்பமும் நினைவுக்கு வந்தன. மெர்சி கொடுத்த புதுப் படிவத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டபின்தான் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு விசாரிக்க வந்தது மறுபடி அதே அதிகாரி. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க பெருக்க வந்தவங்கதானே?"

"நான்தான் சார் பாஞ்சாலி."

"அன்னிக்குப் போய்ட்டாங்கன்னீங்க. இன்னிக்கு நீங்கதான்றீங்க. வேற யாராவது சொல்லட்டும்."

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிய சுடலைக்கண்ணு சத்தம் கேட்டு வெளியே வந்தான். இரண்டு பேரையும் பார்த்தான்.

"இவங்க யாருங்க?" என்றார் அதிகாரி.

"எனக்கென்ன சார் தெரியும்? நான்தான் இங்க இல்லியே."

அதிகாரி பேனாவை மூடப் போனார். பாஞ்சாலி அவர் கையை மறித்தாள்.

"சார், மொதல்ல இவன் பேர எழுதுங்க. மூணாம் ரூமு. ரெண்டு வருசமா இங்கதான் கீறான்."

அவர் எழுதி முடித்தபிறகுதான் சுடலைக்கண்ணு, "இவங்கதான் சார் பாஞ்சாலி அக்கா" என்றான்.