பெஞ்சுக் கோட்டைத் தாண்டிய கால்

கூடைப்பந்து ஆட்டம் முடிய ஒரு நிமிடம் முப்பத்தெட்டு வினாடிகள் இருந்தன. இல்ஃபோர்ட் ஹெரன்ஸ் பதினோரு புள்ளிகள் முன்னால் நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், உள்ளரங்கில் ஓர் இருக்கை கூடக் காலியில்லை. ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருந்த ஷாமளா பேனாவை எடுக்கக் கைநீட்டிய நேரத்தில்தான் இல்ஃபோர்ட் ஆட்டக்காரன் ஓவன் அவள் மேசை மீது வந்து விழுந்தான்.

தானாக விழவில்லை. எதிரணியான ட்ரென்ட் மில்லர்ஸின் உயரமான ஆட்டக்காரன் ஒருவன், ஓடிவந்த ஓவனை இடுப்பால் இடித்துத் தள்ளியிருந்தான். மேசை ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. ஓவன் நெற்றியில் இரத்தத்தோடு தரையில் சரிந்தான். அடுத்த கணம் ஆடுகளத்தின் நடுவில் நாலைந்து பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று நடுவர்களும் அங்கே ஓடினார்கள்.

ஷாமளா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இல்ஃபோர்ட் பெஞ்சைப் பார்த்தாள். சண்டை வந்தால் ஸ்கோர் எழுதுபவர் பெஞ்சைத்தான் பார்க்க வேண்டும் என்பது பயிற்சி. மிதுலன் எழுந்ததை அப்போது கண்டாள். அணியிலேயே கூடுதல் புள்ளி எடுப்பவன், ஓய்வுக்காக உட்கார வைக்கப்பட்டிருந்தான். விழுந்து கிடந்த ஓவனை நோக்கிக் கையை நீட்டியபடி இரண்டு எட்டு வைத்தான். இரண்டாவது எட்டில் அவன் வலது கால் பெஞ்சுக் கோட்டுக்கு அப்பால், ஆடுகளத்துக்குள் முழுதாகப் பதிந்தது. பயிற்சியாளர் அவன் பனியனைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். எல்லாம் மூன்று வினாடிக்குள் முடிந்துவிட்டது.

பெஞ்சுக் கோட்டைத் தாண்டுவது பற்றிய விதி ஷாமளாவுக்கு மனப்பாடம். அதை எழுதியவளே அவள்தான்.

மலேசியாவின் ஈப்போவில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவள் ஷாமளா. பத்தொன்பது வயதில் புள்ளியியல் படிக்க லண்டன் வந்தாள். இரண்டாம் ஆண்டில் முழங்கால் போனது, ஆட்டமும் அதோடு போயிற்று. படிப்பு முடிந்து ஒரு காப்புறுதிக் கம்பெனியில் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. கிங்ஸ்பரியில் ஒரு ஃபிளாட் வாங்கினாள். ஆட முடியாவிட்டாலும் ஆட்டத்தை விட்டு இருக்க முடியவில்லை. பதினேழு வருடங்களாக வார இறுதிகளில் தொழில்முறை லீக்கின் ஸ்கோர் மேசைதான் அவள் இடம்.

நாலு வருடங்களுக்கு முன் ஒரு கைகலப்பில் இரண்டு பெஞ்சுகளும் காலியாகி எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். யாரோ ஒருவனுடைய சப்பாத்தின் கீழ் ஷாமளாவின் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதன்பிறகு லீக் அவளை விதிக்குழுவில் சேர்த்துக்கொண்டது. சண்டை நடக்கும்போது பெஞ்சை விட்டு வெளியே வரும் எந்த ஆட்டக்காரருக்கும் அடுத்த ஆட்டம் தடை என்ற விதி அப்போதுதான் வந்தது. "எக்காரணம் கொண்டு வந்தாலும்" என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவள் அவள். காரணம் கேட்கத் தொடங்கினால் எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கும் என்று அன்று வாதாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை இல்ஃபோர்ட் வென்றது. மூன்று ஆட்டங்கள் கொண்ட அரையிறுதி இப்போது அணிக்கு ஒன்று என்று சமன். புதன்கிழமை நடக்கும் மூன்றாவது ஆட்டம் தீர்மானிக்கும். அதை ட்ரென்ட்டின் சொந்த அரங்கில்தான் ஆட வேண்டும். இல்ஃபோர்ட் அந்தப் பருவத்தில் இருபத்தேழு ஆட்டங்களை வென்றிருந்தது, ட்ரென்ட் இருபதைத்தான் வென்றிருந்தது. ஆனால் ட்ரென்ட் வடக்குப் பிரிவில் முதலிடம், இல்ஃபோர்ட் தெற்கில் இரண்டாமிடம். பிரிவில் முதலிடம் பிடித்தவருக்கே தரவரிசையில் மேலிடம், தீர்மான ஆட்டமும் அவர் வீட்டில் என்பது லீக்கின் பழைய ஏற்பாடு. இல்ஃபோர்ட் ரசிகர்கள் பருவம் முழுக்க இதைத்தான் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

அலுவலர் அறையில் பத்ரிநாராயணன் மடிக்கணினிக்கு முன்னால் குனிந்திருந்தார். ஆட்டத்தை மேற்பார்வை பார்க்க லீக் அனுப்பியவர் அவர். கோயம்புத்தூர்க்காரர், வங்கியொன்றில் மென்பொருள் வேலை.

"வாங்க ஷாமளா. வீடியோவ நாலு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். கோச் முதுகுதான் தெரியுது. பெஞ்சுல யார் எங்க நின்னாங்கன்னு ஒண்ணுமே தெரியல."

"ரெஃப்ரீங்க?"

"மூணு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நின்னாங்க. பாக்கலன்னு எழுதிக் குடுத்துட்டாங்க." ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "உங்களுது மட்டும்தான் பாக்கி. நாலே முக்காலுக்குள்ள லீக்குக்கு அனுப்பணும்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தொன்று. தாளில் மூன்றாவது கேள்வி: சண்டையின்போது பெஞ்சிலிருந்து எவரேனும் கோட்டைத் தாண்டியதைக் கண்டீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

பத்ரி அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. "நான் எழுதச் சொல்லல. எழுத வேண்டாம்னும் சொல்லல. வேற யாரும் பாக்கல, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லி, காபி எடுத்து வருவதாக வெளியே போனார்.

ஷாமளா பேனாவைத் திறந்தாள், மூடினாள். அந்தப் பையன் அடிக்கவா போனான்? சண்டை நடந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரத்தம் வழியக் கிடந்தவனைத் தூக்கப் போனான். இல்லை என்று ஒரு கோடு போட்டால் புதன்கிழமை அவன் ஆடுவான். ஆம் என்று போட்டால், முழங்காலும் மணிக்கட்டும் போகாத ஓர் இருபத்துநாலு வயதுக்காரனின் பருவம் இந்த அறையிலேயே முடிந்துபோகலாம். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஒருமுறை எழுதிவிட்டால், நாளைக்கு அவள் எழுதும் எந்தப் புள்ளியை யார் நம்புவது? அவளே நம்புவாளா?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மிதுலன். தலையில் துவாலை, கண்கள் சிவந்திருந்தன.

"அன்ரி, ஒண்டு கேக்கலாமா? நான் தாண்டினனானா?"

ஷாமளா தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கே தெரியேல்ல அன்ரி. ஓவன் விழுந்தவுடன எழும்பினன். பிறகு கால் எங்க நிண்டதெண்டு சத்தியமா தெரியாது. எல்லாரும் என்னட்டக் கேக்கினம்."

"இப்போ நீ என்கிட்ட பேசக் கூடாது மிதுலன். எனக்கும் உனக்கும் ரெண்டு பேருக்கும் நல்லதில்ல."

"ஓம். மன்னியுங்கோ அன்ரி." கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனான்.

நாலு முப்பத்தாறு. ஷாமளா 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டாள். அதன் கீழ், "எண் 14. இரண்டு எட்டு வைத்தார். விழுந்து கிடந்தவரை நோக்கிச் சென்றார், சண்டையை நோக்கி அல்ல" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அந்தக் கடைசி வரியால் ஒரு பயனும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு இடமில்லாமல் செய்தவளே அவள்தானே.

திங்கள் நண்பகல் தடை அறிவிப்பு வந்தது. ஒரு மணிக்கு ஷாமளாவின் கைபேசி அடித்தது. மிதுலனின் தாய் றோஸ்மலர். இல்ஃபோர்டில் முதியோர் இல்லமொன்றில் வேலை, ரசிகர் சங்கத்தின் செயலாளர். பத்து வருடப் பழக்கம்.

"நீங்கள்தான் எழுதினதாம். உண்மையோ?"

"உண்மைதான் அக்கா."

"அவன் ஆரையும் தொட்டவனே? அடிச்சவனுக்கும் ஒரு மட்ச் தடை, தூக்கப் போனவனுக்கும் ஒரு மட்ச் தடை. இது என்ன நியாயம்?"

"நியாயம் இல்லக்கா."

"நியாயம் இல்லையெண்டு தெரிஞ்சுகொண்டே எழுதினீங்கள், என்ன?" மறுமுனை மூச்சு வாங்கியது. "இனி என்னோட கதைக்காதேங்கோ." துண்டித்துவிட்டாள்.

புதன்கிழமை மாலை ஷாமளா வீட்டில் மடிக்கணினியில் ஆட்டத்தைப் பார்த்தாள். தடை விதிக்கப்பட்டவர் அரங்குக்குள்ளேயே வரக் கூடாது. மிதுலன் அணியின் பேருந்தில் உட்கார்ந்து கைபேசியில் பார்க்கிறான் என்று வர்ணனையாளர் சொன்னார். மூன்றாம் கால்பகுதியில் இல்ஃபோர்ட் ஒன்பது புள்ளிகள் பின்தங்கியது. பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தது. ட்ரென்ட் ரசிகர்களின் கூச்சலில் நடுவரின் விசில் கூடக் கேட்கவில்லை. கடைசி நாலு வினாடிகள், இல்ஃபோர்ட் இரண்டு புள்ளி பின்னால், ஆனால் பந்து அவர்கள் கையில். மிதுலன் எறிய வேண்டிய பந்தை நெற்றியில் தையலோடு ஓவன் எறிந்தான். அது வளையத்தைச் சுற்றிவந்து வெளியே விழுந்தது, இல்ஃபோர்ட் தோற்றுப்போனது.

ஷாமளா திரையை மூடினாள். அன்றிரவு சாப்பிடவில்லை.

அடுத்த ஆறு வாரங்கள் வேலை முடிந்த மாலைகளில் அவள் ஒரே காரியத்தில் மூழ்கினாள். கடந்த ஆறு பருவங்களின் முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்ததில், நாலு முறை குறைந்த வெற்றி பெற்ற அணிக்கே தீர்மான ஆட்டம் சொந்த வீட்டில் கிடைத்திருந்தது. விதிக்குழுவுக்கு இரண்டு முன்மொழிவுகள் அனுப்பினாள். ஒன்று, பிரிவைப் பார்க்காமல் வெற்றிகளை மட்டும் வைத்துத் தரவரிசை. மற்றது, பெஞ்சை விட்டு வந்தவரின் தடைக்கு முன் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மூவர் விசாரணை. எதை நோக்கிப் போனார் என்பதை அவர்கள் கேட்க வேண்டும்.

ஜூனில் யூஸ்டன் பக்கத்து ஹோட்டலொன்றில் கூட்டம். பன்னிரண்டு கழகங்கள், எட்டு கைகள் உயர்ந்தால் விதி மாறும். ரசிகர் சங்கங்களுக்குப் பின்வரிசை, வாக்கில்லை. றோஸ்மலர் அங்கே இருந்தாள். ஷாமளாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தரவரிசை முதலில் வந்தது. வடக்குக் கழகமொன்றின் தலைவர் எழுந்து, தெற்கு அணிகள் பலவீனமானவர்களோடு கூடுதலாக ஆடுகின்றன, வெற்றிகளை மட்டும் எண்ணினால் அது நியாயமாகுமா என்று கேட்டார். கேள்வியில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஷாமளா எண்களைக் காட்டிப் பதில் சொன்னாள். தெற்கின் ஆறு கைகளும் உயர்ந்தன. வடக்கிலிருந்து ஒன்றுகூட உயரவில்லை. முன்மொழிவு தோற்றது.

அடுத்தது தடை விதி. "இந்த விதியை எழுதினது நீங்கள்தானே? இப்போது நீங்களே வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

"ஆமாம், நான்தான் எழுதினேன்" என்றாள் ஷாமளா. "என் கை உடைந்த கோபத்தில் எழுதினேன். காரணம் கேட்கத் தொடங்கினால் எல்லோரும் ஒன்று சொல்வார்கள் என்று பயந்தேன். ஏப்ரலில் ஒருவன் காயப்பட்டவனைத் தூக்கப் போனான். அதை நான் மட்டும்தான் பார்த்தேன். அதைச் சொன்னதால் அவன் தண்டிக்கப்பட்டான். பார்த்ததைச் சொல்பவரைப் பொய் சொல்லத் தூண்டும் விதி நல்ல விதி அல்ல."

கைகள் உயர்ந்தன. ஆறு. ஏழு. தலைவர் பேனாவைக் கீழே வைக்கப் போனார். அப்போது ட்ரென்ட் மில்லர்ஸ் மேலாளர் கையைத் தூக்கினார். அவர் ஏன் தூக்கினார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எட்டு.

வெளியே படிக்கட்டில் றோஸ்மலர் நின்றாள். ஷாமளா இரண்டு படி மேலேயே நின்றுவிட்டாள்.

"மோன் போலந்துக்குப் போறான். அங்க ஒரு கிளப் கேட்டிருக்கு" என்றாள் றோஸ்மலர், தெருவைப் பார்த்தபடி. "இண்டைக்கு மாத்தினது அவனுக்கு உதவாது."

"உதவாதுக்கா."

"அண்டைக்கு வீடியோவிலயும் இல்லையாம். நீங்கள் பேசாமல் விட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது."

"எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

றோஸ்மலர் திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். கோபம் இன்னும் அங்கேயே இருந்தது. ஆனால் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள், பேனாவையும் தேடினாள்.

"அந்த வரிசை விசயம் ரெண்டு வோட்டாலதானே போனது? வடக்கில ரெண்டு கிளப்பின்ர ரசிகர் சங்கத்து ஆக்களை எனக்குத் தெரியும். அவையளோட நான் கதைக்கிறன். நீங்கள் அந்த ஆறு வருசத்துக் கணக்கை எனக்கு விளங்கிற மாதிரி ஒருக்கால் சொல்லுங்கோ."

ஷாமளா இரண்டு படி இறங்கி வந்து, முதல் பருவத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.