வேலியடியில் நின்ற பெரியண்ணை

இன்றைக்குப் பின்னேரம் மகள் ரிவியில் ஒரு சண்டைப் படம் போட்டாள். கடத்திக்கொண்டு போன தங்கச்சியைத் தேடி அண்ணன்காரன் போகிறான். திடீரென்று ஹெலிகொப்டர் இரைந்தது. "பிள்ளையாரே" என்று கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சண்டைக் காலத்தில், விசுவமடுவில், யன்னலைச் சாக்கால் மறைத்து, ஜெனரேட்டர் போட்டுப் பகலில் படம் பார்ப்போம். ஜெனரேட்டர் சத்தத்தில் குண்டு போடுற கிபிர் விமானம் வாறது கேட்காது. அதனால் ஒராள் வேலியடியில் நின்று காது கொடுக்கவேணும். எப்பவும் பெரியண்ணைதான். "நீங்கள் பாருங்கோ, எனக்குப் பிறகு கதையைச் சொன்னால் போதும்" என்பார்.

அன்றைக்கும் அண்ணன், தங்கச்சிப் படம்தான். படத்தில் ஹெலிகொப்டர் வந்தது. சட்டென்று திரை இருண்டது. அண்ணை ஜெனரேட்டரை நிற்பாட்டிவிட்டார். ஆனால் இரைச்சல் நிற்கவில்லை.

அம்மா எங்களை இழுத்துக்கொண்டு வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் இறங்கினா. பார்த்தால் சின்னத் தங்கச்சியைக் காணவில்லை. அண்ணை திரும்பி வீட்டுக்குள் ஓடினார். குண்டு விழுந்து எங்கள் தலையில் மண் கொட்டியது. அம்மாவுக்குத் தேவாரம் வரவில்லை. "அப்பனே, அப்பனே" என்றுதான் வந்தது.

தங்கச்சியை நெஞ்சோடு அணைத்தபடி அண்ணை வந்து குதித்தார். "படம் திரும்ப வருமெண்டு இருட்டுக்குள்ள குந்திக்கொண்டிருக்கிறாள், விசரி." பிறகு மெல்லக் கேட்டார், "படத்தில தங்கச்சி கிடைச்சிட்டாளோ?"

முடிவை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. "ஓம் அண்ணை, கிடைச்சிட்டாள்" என்றேன்.

மகள் ரிவியை விட்டுத் திரும்பி, "அம்மா, பயப்பிடாதேங்கோ, படம்தானே" என்றாள்.

"படம்தான் பிள்ளை. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறை. வெளியில என்ன கேக்குதெண்டு தெரியவேணும்."