அவள் ஏன் கேட்கக்கூடாது?

அம்மா சொன்ன கதைகளில் எல்லாம் யாராவது ஒருவர் எச்சரித்துக்கொண்டே இருப்பார். பாம்பு மாப்பிள்ளை மனைவியிடம் சொல்வான்: எதை வேண்டுமானாலும் கேள், பகலில் எங்கே போகிறேன் என்று மட்டும் கேட்காதே. அவள் ஒருநாள் கேட்டுவிடுவாள். வீடு போகும், புருஷன் போவான், பிள்ளை போகும். ஈப்போ ஜெலாப்பாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எனக்குச் சோறு ஊட்டியபடியே அம்மா இதைச் சொல்வார். கேட்ட அந்தப் பெண்ணின் மேல்தான் எனக்குக் கோபம் வரும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று நினைப்பேன்.

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அம்மாவின் சேலைகளுக்கு அடியில் ஒரு படம் இருந்தது. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நிற்கும் நாலு வயதுப் பெண். கவுனைத் தள்ளிக்கொண்டு வயிறு தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அக்கா. எப்படி இறந்தாள் என்று ஒருமுறை கேட்டேன். அதெல்லாம் கேட்காதே என்றார். அதோடு விட்டுவிட்டேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினேன்.

கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்கில் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் கேட்டார்: குடும்பத்தில் இரத்த நோய் உண்டா, சின்ன வயதில் யாராவது இறந்தார்களா? இல்லை என்றேன். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. அவ்வளவு பழகியிருந்தது.

என் மகளுக்குப் பதினொரு மாதம். இரண்டு மாதமாக வெளுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா, "நல்லா கலரா வந்துட்டாளே ஒன் மக," என்றார். எனக்குப் பெருமை. படித்தவள் நான். பெருமைப்பட்டு, படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்.

ஈப்போ மருத்துவமனையில் டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயாக இருக்கலாம் என்றார். மிஸ்ஸி கேட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"அக்கா எப்படிம்மா செத்துச்சு?"

"அதெல்லாம் கேக்காதன்னு..."

"கேப்பேன். ஒங்க கதையில வர்றவ மாதிரி வீடு போனாலும் போகட்டும். என் பிள்ள போகக்கூடாது."

அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சாத்தானேம்மா சொல்றதுக்கு. டிரசர்கிட்ட நானும் கேட்டேன். ஒனக்கு எதுக்கு அதெல்லாம், போயி வேலயப் பாருன்னாரு. ஒங்கப்பாவும் இனிமே கேக்காதன்னுட்டாரு. பிள்ள கலரா இருக்கான்னு லயமே சொல்லுச்சு. நானும் சந்தோசப்பட்டேன்."

அந்த நிமிடம் என் ஆத்திரம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுத்த அந்த டிரசரை நான் பார்த்ததே இல்லை. அப்பா இல்லை. அம்மாவிடம் கத்தியது தவறோ என்று இன்றும் யோசிக்கிறேன். ஆனால் அந்தக் கதைகளை மன்னிக்க மாட்டேன். வளர்ந்த பிறகு நானே தேடிப் படித்த நாவல்களிலும் அதே எச்சரிக்கை வரும். மர்மம் என்று ரசித்துப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். கேட்டவளுக்குத்தான் எல்லாம் போகிறது. மறைத்தவன் பாட்டுக்கு எழுந்து போய்விடுகிறான். அவனை ஒரு கதையிலாவது யாராவது நிற்கவைத்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்களா?

அடுத்த முறை போனபோது அம்மாவே அந்தப் படத்தைக் கைப்பையில் எடுத்து வந்தார். என்னிடமும் என் கணவரிடமும் இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் தமிழர். படத்தில் அந்த வயிற்றையே வெகுநேரம் பார்த்தார். உறுதியாகச் சொல்ல முடியாது, அதே நோயாக இருந்திருக்கலாம் என்றார். என் மகளுக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டிவரலாம், ஏற்றினால் வளர்வாள் என்றார்.

"அப்பவே இரத்தம் ஏத்தியிருந்தா அவ இருந்திருப்பாளா டாக்டர்?" என்று அம்மா கேட்டார்.

இன்னும் கொஞ்ச வருஷம் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். அம்மா விடவில்லை. எத்தனை வருஷம், அவளுக்கு வலித்திருக்குமா, தான் சாப்பிட்டது எதனாலாவது வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அங்கிருந்த மிஸ்ஸி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அம்மா கேட்டு முடிக்கட்டும் என்று நான் மகளை மடியில் இருத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.