இல்லாத பல்லின் வலி

பிடுங்கிப் போட்ட பல் மறுபடியும் வலித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? முனீஸ்வரரை நம்பும் என் உறவுகளே, எனக்கு அப்படித்தான் நடந்தது. சிரிக்காமல் கேளுங்கள்.

நான் கமலா. மலேசியாவில், ரந்தாவ் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் எஸ்டேட்டில் குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் சமையல் வேலை. போன வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு வலது கன்னத்தில் வலி பிடித்தது. காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை முழுக்க இழுத்தது. வாயைத் திறந்தால் ‘டக்’ என்று சத்தம். இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை.

கிளினிக்கில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். புண் ஆறியது, வலி ஆறவில்லை. பல் இருந்த அதே இடத்தில் அதே பல் வலித்தது! நாக்கால் தடவினால் வெறும் ஈறு. ஆனால் உள்ளே யாரோ உட்கார்ந்து கடிப்பது போல இருந்தது. பக்கத்துப் பல்லாக இருக்கும் என்று அதையும் பிடுங்கினார்கள். பிறகு இல்லாத இரண்டு பல்லும் வலித்தன.

என் நாத்தனார் ராஜம் ஒருநாள் கேட்டாள். “அண்ணி, புடுங்குன பல்லு எங்க? அங்கயே விட்டுட்டா வந்தீங்க?”

“குப்பையில போட்டிருப்பாங்க லா. அத வச்சு மாலையா கோக்கப் போறேன்?”

“முடி, நகத்தையே கண்ட எடத்துல போடக் கூடாது. இது பல்லு அண்ணி! யார் கையில சிக்குச்சோ, செய்வினை வச்சிட்டாங்க.”

அன்றிலிருந்து எந்த வீட்டில் யார் எதை மென்றாலும் என் பல்லை மெல்வதாகவே தோன்றியது. என் வீட்டுக்காரரோ, “எல்லாம் உன் மனசுதான் கமலா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பைத்தியம் என்றே முடிவுகட்டிவிட்டார் என்று நினைத்து அழுதேன்.

மூன்றாவது பல்லைப் பிடுங்கத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை பல்லைக் கேட்டு வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து முனீஸ்வரர் மரத்தடியில் புதைக்க வேண்டும் என்றாள் ராஜம். அவரிடம் உத்தரவு கேட்க வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் எஸ்டேட் எல்லையில் இருக்கும் அந்த மரத்தடிக்குப் போனேன். செம்பனை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்தேன். ஊதுவத்திப் புகை மேலே போகாமல் என்னைச் சுற்றியே நின்றது. சுகம் கொடு என்று கேட்க வாய் வரவில்லை.

“ஐயா, இது நெசமான வலின்னு யாராவது ஒருத்தர் சொல்லட்டும். அது போதும்.”

வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். மரத்துக்குப் பின்னாலிருந்து ‘டக்’ என்று கேட்டது. என் தாடைச் சத்தமேதான். எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. விழுந்தடித்து வீட்டுக்கு ஓடிவந்தேன்.

திங்கட்கிழமை அந்தக் கிளினிக் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் சிரம்பானில் வேறொரு கிளினிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த டாக்டர் நம் தமிழ்ப் பெண், சின்ன வயது. பல்லைத் தட்டிப் பார்த்தார். பிறகு தாடையை விரலால் அழுத்திக்கொண்டே கேட்டார்.

“ஆண்ட்டி, பல்லு இல்லாத எடத்துலயும் வலிக்குதா? பல்லு இன்னும் இருக்கிற மாதிரியே?”

அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை!

முகவலி, தாடைவலி பற்றி ஓர் ஆராய்ச்சியாளர் எழுதி வெளியிட்டவற்றைக் கம்ப்யூட்டரில் திறந்து, டாக்டர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். நல்ல பல்லிலும் இந்த வலி வருமாம். பிடுங்கினாலும் அந்த இடத்தைவிட்டுப் போகாதாம். நரம்பும் தாடை மூட்டும் படுத்துகிற பாடு அது. “இனிமே பல்லுல கை வைக்க வேணாம். அங்கிள், இது மனசு இல்ல. நெசமான வலி.”

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

கண்காணாத தேசத்திலெல்லாம் ஜனங்கள் இப்படி இல்லாத பல்லைப் பொத்திக்கொண்டு இருக்கிறார்களாம். அத்தனை பேருக்கும் யாரடி செய்வினை வைத்தது என்று ராஜத்தைக் கேட்டேன். மாத்திரையும் தாடைப் பயிற்சியும் இன்னும் நடக்கின்றன. வலி சுத்தமாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், சாமி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் சோறு மென்று சாப்பிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நன்றி சொல்லப் போனேன். மரத்தடியில் முன்பின் தெரியாத ஒரு பெண் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். பகாவ் ஊரிலிருந்து வந்தவளாம். “எந்தப் பல்லும்மா?” என்றேன். வாயைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டினாள். அங்கே பல் இல்லை.

“நெசமான வலிதான்மா” என்றேன். என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

யாரும் நம்பாத வலி உங்களுக்கும் இருந்தால் முனீஸ்வரரிடம் வந்து சொல்லுங்கள். ஆள் அனுப்புவார். அவளுக்கு என்னை அனுப்பினார்.