சேவியர் அண்ணன் என்னிடம் சொல்லாதது

செய்தி வந்தபோது நான் கடையில் நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தேன். வாங்க வந்த படகுக்காரர், சரக்கு பற்றி ஏதோ கேட்பதுபோல, "காதரிக்கா, நம்ம சேவியரேட்டன் மரிச்சுபோயி. அறிஞ்ஞில்லே?" என்றார். காலையில் வைப்பின் தீவில் ஒரு படகின் என்ஜின் அறைக்குள் இறங்கியவர் மேலே ஏறி வரவில்லையாம். நெஞ்சுவலி. நான் அளந்துகொண்டே இருந்தேன். அவர் கேட்டது முப்பது மீட்டர். நாற்பதைத் தாண்டியபிறகு அவரே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

நம் சங்க மலருக்கு அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். சேவியர் அண்ணனுக்கு மிக நெருக்கமானவன் நான் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைசி இரண்டு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்பதும் தெரியும். ஏன் என்பது மட்டும் தெரியாது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. நல்லதை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் பிறந்து, இருபது வயதில் கொச்சிக்கு வந்து, வைப்பினில் ரோசிலியைக் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர் அவர். படகு என்ஜின் பழுது பார்ப்பதிலும் வெல்டிங்கிலும் அவரைப்போல் இன்னொருவர் இந்தக் கரையில் இல்லை. இடது ஆள்காட்டி விரலின் மேல் கணுவை ஒரு படகின் பெல்ட் தின்றுவிட்டது. குட்டையான அந்த விரலால்தான் எதையும் சுட்டிக்காட்டுவார். முப்பது வருடம் மலையாளத்தில் புழங்கியும் ஊர்ப்பேச்சை விடவில்லை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'நீ' என்னாமல், மரியாதையாக 'நீரு' என்றுதான் சொல்வார்.

மட்டாஞ்சேரியில் என் வீட்டுக்குப் பின்னால், மூடிக்கிடக்கும் கிடங்கின் முற்றத்தில், நான் ஒரு பழைய காரை வாங்கி நிறுத்தியிருந்தேன். ஒரு காலத்தில் கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போன வண்டி. என்ஜின் இறுகிப்போய்ப் பல வருடம் ஓடாமல் கிடந்தது. சேவியர் அண்ணன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இத பெட்ரோல் வண்டியா ஓட்டி என்ன செய்யப்போறீரு பாய்? ஒரு டீசலத் தூக்கி உள்ள வைப்போம்" என்றார்.

"இடம் இருக்குமாண்ணே?"

"இல்லன்னா உண்டாக்குவோம். டர்போவும் வைப்போம்."

இதற்கெல்லாம் வாகனத் துறையிடம் முன்அனுமதி வாங்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வாங்கவில்லை. அந்தத் தவறில் எனக்குப் பாதி உண்டு. அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. அவர் காலைப் பூசை முடித்து வண்டிகளையும் ஏற்றிவரும் ஜங்கார் படகில் அக்கரையிலிருந்து வருவார். பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு வேனின் டீசல் என்ஜினை வாங்கி, பிரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழுவி மறுபடி பூட்டினோம். வேறு பெரிய வண்டி ஒன்றிலிருந்து டர்போ கிடைத்தது. அது அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கு இடம் வேண்டி முன்பக்கத் தகட்டை நான்தான் வெட்டினேன். ஆனால் என்ஜின் நீளமாக இருந்ததால் அதன் அடிப்பகுதி, முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. சேவியர் அண்ணன் அந்தச் சட்டத்தையே நடுவில் அறுத்து, கீழே வளைத்து, மறுபடி பற்றவைத்தார். "பாய், வண்டி ஒடைஞ்சாலும் இந்த எடம் ஒடையாது" என்றார். அவர் சொன்னால் அதற்குமேல் எனக்குக் கேள்வி கிடையாது.

முதல் முறை என்ஜின் உயிர் பெற்ற நாளை என் வீட்டில் யாரும் மறக்கமாட்டார்கள். பம்பில் டீசலைக் கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டிருந்தார். கிடங்கு முற்றம் முழுக்கக் கரும்புகை. பக்கத்து வீட்டு ஓமனச் சேச்சி காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டிகளும் படுக்கை விரிப்புகளும் சாம்பல் நிறமாயின. நான் எப்படிச் சமாளிப்பது என்று யோசித்து நிற்கும்போதே அவர் மதிலைத் தாண்டிப் போய்விட்டார். "சேச்சி, செஞ்சது நானு. சோப்ப எடுங்க" என்று சொல்லி, அவர்கள் வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து அத்தனையையும் தானே துவைத்தார். என் மனைவி மும்தாஜ் கொடுத்தனுப்பிய சாயா ஆறிப்போகும்வரை எழுந்திருக்கவில்லை. செய்த தப்பை முகத்துக்கு நேரே ஒத்துக்கொள்ள இவருக்கு ஒரு நொடிகூட வேண்டாமே என்று அன்று எனக்குத் தோன்றியது. பின்னால் நடந்தது எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியை ஜங்காரில் ஏற்றி அக்கரை சேர்ந்து, வல்லார்பாடம் கண்டெய்னர் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். முதலில் கனமாக நகர்ந்தது. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். ஒரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு டர்போ மெல்லிய விசில்போல எழும்பி, யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளியதுபோல வண்டி பாய்ந்தது. லாரிகள் பின்னால் போயின. சேவியர் அண்ணன் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார். "பயமா இருக்காண்ணே?" என்றேன். "சத்தத்தக் கேக்கேன். நீரு ரோட்டப் பாரும்" என்றார். திரும்பி வரும்போது இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தோம். என் வாழ்க்கையில் அப்படியொரு காலை அதற்குமுன் வந்ததில்லை.

அடுத்த மாதம் தென்காசியில் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். மும்தாஜையும் மகள் ஆயிஷாவையும் அந்த வண்டியிலேயே ஆரியங்காவு மலைப்பாதை வழியாகக் கூட்டிப்போவதாகச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சேவியர் அண்ணனிடம் சொன்னபோது அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு மாசம் இங்கயே ஓட்டிப் பாப்போமே பாய்" என்றார். கல்யாணம் இரண்டு மாதம் காத்திருக்காது என்றேன். மறுவாரம் மறுபடியும் ஆரம்பித்தார். "பொம்பளப் பிள்ளய ஏத்திக்கிட்டு மலைப்பாதையில..." என்று இழுத்தார். என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. "உங்களுக்குப் பயமா இருந்தா இருங்கண்ணே. எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தக் குட்டை விரலால் மோவாயைச் சொறிந்துகொண்டே போனார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வாகனத் துறை அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். புகார் வந்திருக்கிறது என்றார்கள். பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள், குனிந்து அடியில் பார்த்தார்கள், ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது தெருவே வாசலில் நின்று பார்த்தது.

நான் போன் செய்து ஒரு மணி நேரத்தில் சேவியர் அண்ணன் வந்தார். காலியாகக் கிடந்த முற்றத்தைப் பார்த்தார். என் தோளில் கை போட்டு, "போட்டுக் குடுத்தவன் நல்லா இருப்பானா பாய்? வெளங்குவானா அவன்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. யாராக இருக்கும் என்று கேட்டேன். பக்கத்து வீட்டைப் பார்த்து, "அந்தத் துணி விசயம் சேச்சி மனசுல கெடந்திருக்கும்" என்றார்.

அன்று மாலையே நான் ஓமனச் சேச்சியின் வாசலில் நின்று சத்தம் போட்டேன். சொல்லக் கூடாத ஒன்றையும் சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஞான் அல்ல காதரே. ஞான் எதுக்கு அது செய்யணும்?" என்று கேட்டார். நான் நம்பவில்லை.

ஒரு வாரம் கழித்து விசாரணைக்கு அழைத்தார்கள். புகார் கொடுத்தவர் பெயரைச் சொல்ல முடியாது என்று அதிகாரி சொன்னார். புகாருடன் வந்த படங்களை மட்டும் மேசையில் வைத்து, இவை உங்கள் வண்டிதானா என்று கேட்டார். ஐந்து படங்கள். நான்கில் என்ஜினும் டர்போவும். ஐந்தாவது, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு எடுத்தது. அதன் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை.

ஆமாம், என் வண்டிதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வரும் வழியிலேயே ஓமனச் சேச்சி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு ரயிலில் போனோம். பழைய நிலைக்கு மாற்றும்வரை ஓட்டக் கூடாது என்று உத்தரவு போட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கட்டி இழுத்து வந்து, தார்ப்பாய் போட்டு மூடினேன். அதன்பிறகு தொடவில்லை. சேவியர் அண்ணனின் போனையும் எடுக்கவில்லை.

ஒரே ஒரு முறை கடைக்கு வந்தார். வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள். ஒரு டப்பா பெயின்ட் கேட்டார். மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் அவர் போகவில்லை. "பாய், அந்த வண்டி..." என்று ஆரம்பித்தார். "அது முடிஞ்சு போச்சு. வேற ஏதும் வேணுமா?" என்றேன். அந்த அந்நியக் குரல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அடக்கத்துக்குப் போனேன், உங்களில் பலர் பார்த்தீர்கள். பெட்டிக்கு அருகில் போகாமல் மதில் ஓரம் நின்றேன். எல்லாம் முடிந்தபிறகு ரோசிலியே என்னைத் தேடி வந்தார்.

"காதரிக்கா, ஒரு காரியம் பறையணும். அந்தக் கம்ப்ளெயின்ட் கொடுத்தது சேவியர்தான்."

"தெரியும்."

"அந்த வெல்டு பொட்டி விரிசல் விட்டிருந்தது தெரியுமா?"

தெரியாது.

"கண்டெய்னர் ரோட்டுல ஓட்டினதுக்குப் பின்ன அடியில படுத்துப் பார்த்தாராம். முடி மாதிரி ஒரு விரிசல். நீங்க அறியாம மறுபடி பத்தவச்சாரு, மறுபடியும் பொட்டிச்சு. மலைச்சுரம் எறங்கும்போ ஒடிஞ்சா வண்டி நிக்காதுன்னு பறஞ்சாரு. ஆயிஷா மோளு உள்ள இருக்கும்னு பறஞ்சு மூணு நாளு உறங்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே ரோசிலி."

"நாணம் இக்கா. சேவியரோட வெல்டு பொட்டாதுன்னு படகுத்துறை முழுக்கப் பறையும். பொட்டிச்சுன்னு இவரு எப்படிச் சொல்லும்? நேரா சொன்னாலும் நீங்க கேக்கமாட்டீங்கன்னும் பறஞ்சாரு."

"சரி. அப்போ ஓமனச் சேச்சி பேரை ஏன் சொன்னாரு?"

ரோசிலிக்கு அது தெரிந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து தார்ப்பாயை விலக்கினேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, மல்லாந்து படுத்து, டார்ச் அடித்தேன். துருவைச் சுரண்டியபிறகு தெரிந்தது. வளைவில், வெல்டிங்கின் ஓரமாக, சட்டத்தின் பாதி அகலத்துக்கு ஓடிய விரிசல். அந்த ஐந்தாவது படம் எடுத்த இடம் இதுதான். நான் அன்று விரலை மட்டும் பார்த்தேன். விரல் எதைக் காட்டுகிறது என்று பார்க்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் மும்தாஜிடமும் ஆயிஷாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மும்தாஜ் அழுதாள். ஆயிஷா, "அவரு என்கிட்ட பறஞ்சிருக்கலாம்ல வாப்பா? நான் ஏறமாட்டேன்னு சொல்லியிருப்பேன்ல? நான் ஏறாம நீங்க போயிருப்பீங்களா?" என்று கேட்டாள். போயிருக்கமாட்டேன். அவ்வளவு எளிதாக முடிந்திருக்கும்.

நாற்பத்தொன்றாம் நாள் கல்லறைக்குப் போனேன். "விரிசலப் பார்த்தேண்ணே. நீங்க பார்த்தது சரி" என்றேன். அதோடு திரும்பிவிடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் இரண்டு வருடமாகக் கேட்காத கேள்வி அங்கே நின்றபோது வந்துவிட்டது. "என் தோள்ல கை போட்டுக்கிட்டு எப்படிண்ணே அப்படிச் சொன்னீங்க?" சத்தமாகத்தான் கேட்டேன். பக்கத்துக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நண்பர்களே, அவர் என் குடும்பத்தைக் காப்பாற்றினார். தன் பெயரையும் காப்பாற்றிக்கொண்டார். அதற்காக ஒன்றும் அறியாத ஒரு பெண்ணை என் முன்னால் குற்றவாளியாக நிறுத்தினார். அவர் வாய் திறந்தபோதெல்லாம் அதை அடைத்தவன் நான் என்பதும் எனக்குத் தெரியும். இதில் ஒன்று இன்னொன்றை அழித்துவிடும் என்று காத்திருந்து பார்த்தேன். அழிக்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது கோபம்தான். அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. தொழுது முடித்துக் கையேந்தும்போது முதலில் அந்தக் கோபம் வருகிறது, அதன் பின்னால்தான் அவர் பெயர் வருகிறது. அவரை மன்னித்துவிடு என்று தினமும் கேட்கிறேன். நான் இன்னும் கொடுக்காததை அவருக்காக இறைவனிடம் கேட்கிறேன்.